ஒத்திகை பார்க்காத இரண்டு அறிவிப்புகள்

அத்தியாயம் 9

லிஃப்ட் கதவு மூடப்போன கடைசி நொடியில் பிரேக் தன் வலது காலை உள்ளே நுழைத்தார். கதவு கணுக்காலைக் கவ்வியது, விட்டது, மறுபடி கவ்வியது. உள்ளே எங்கோ ஒரு மணி விடாமல் சிணுங்கத் தொடங்கியது.

லிஃப்டுக்குள் நின்றவர் ஓய்வு பெற்ற நீதிபதி. மத்திய வங்கியின் ரகசியம் வெளியே போனது எப்படி என்று விசாரிக்க நியமிக்கப்பட்ட ஒற்றை ஆள். மேலே அவருடைய அறையில் அறிக்கை கையெழுத்துக்காகக் காத்திருந்தது. கீழே வாசலில் போலீஸ் ஜீப் காத்திருந்தது. இரண்டுக்கும் நடுவே இப்போது பிரேக்கின் செருப்பு.

"காலை எடுங்க," என்றார் நீதிபதி.

"எடுத்தா நீங்க மேல போயிடுவீங்க ஐயா. மேல போனா கையெழுத்துப் போட்டுடுவீங்க. போட்டா அந்த ஜீப்ல ஒரு அப்பாவியை ஏத்திடுவாங்க. கால் என்கிட்ட இன்னொண்ணு இருக்கு, பரவாயில்ல."

காவலாளிகள் ஓடி வந்தார்கள். அவர்களுக்குப் பின்னால், அவசரமே படாமல், கைப்பையைத் தோளில் ஏற்றிவிட்டபடி சுங்கத்தம்மா வந்தார். சுங்கத் துறையில் பெட்டியைத் திறக்காமலே உள்ளே இருப்பதைச் சொல்லிப் பெயர் வாங்கியவர். ஒரு நாள் மேலதிகாரியின் பெட்டிக்குள் இருந்ததையும் அதேபோல் சொல்லிவிட்டதால் வேலையை விட்டவர். இப்போது துப்பறிவதுதான் பிழைப்பு. பிரேக் அவருக்கு உதவியாளர். அதைவிடப் பெரிய பதவி, சம்பந்தி. சுங்கத்தம்மாவின் மகளைக் கட்டியிருப்பது பிரேக்கின் மகன். டிரைவிங் ஸ்கூல் நடத்தி, பக்கத்து சீட்டில் உட்கார்ந்து ஆயுள் முழுக்க ஒரே வார்த்தையைக் கத்தியதில் அந்த வார்த்தையே பெயராகிவிட்டது.

சுங்கத்தம்மா நீதிபதிக்கு வணக்கம் வைத்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"ஐயா, திருட்டுப் போனதா சொல்றீங்களே, அந்தச் சாயங்காலம் பொருள் இருந்துச்சா?"

"என்ன பொருள்?"

"வட்டி முடிவு. ஓட்டெடுப்பு மறுநாள் காலையில. முந்தின நாள் சாயங்காலமே நிதி அமைச்சரோட மச்சினன் அதைத் தெரிஞ்சுக்கிட்டு பத்திரம் வாங்கிக் குவிச்சிருக்கான். இன்னும் செய்யாத நகையை எப்படி ஐயா திருடறது?"

நீதிபதியின் விரல் மேல்தளப் பொத்தானிலிருந்து இறங்கியது. அவர் முட்டாள் இல்லை. சீக்கிரம் வீட்டுக்குப் போக விரும்பிய நல்ல மனிதர், அவ்வளவுதான். ஆனாலும் விட்டுக்கொடுக்கவில்லை. உயர்த்துவது, அப்படியே வைப்பது, குறைப்பது என்று மூன்று அறிவிப்புகளும் முந்தின நாளே தயாராக இருந்தன என்றார். பிடிபட்டவன் மூன்றையும் பார்த்தவன். எது வரும் என்று ஊகித்து விற்றிருப்பான். அன்று வழக்கத்தைவிட வெகு சீக்கிரம் வேறு வெளியே போயிருக்கிறான். ஏன் என்று கேட்டால் வாயைத் திறக்க மறுக்கிறான்.

"ஊகத்தை விலை கொடுத்து வாங்கறவன் அமைச்சரோட மச்சினனா இருக்க முடியாது ஐயா. அந்தக் குடும்பம் அவ்வளவு ஏமாளி இல்ல," என்றார் பிரேக், காலை எடுக்காமலே.

சாயங்காலத் தேநீர் வரும்வரை அவகாசம் கிடைத்தது. பிரேக்கின் கணுக்காலில் ஒரு சிவப்புக் கோடும் கிடைத்தது.

காரை பிரேக்தான் ஓட்டினார். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து எரிச்சலோடு முணுமுணுத்துக்கொண்டே வருவது அவருடைய தொழில். ஓட்டும் சீட்டில் உட்கார்ந்தாலும் அது விடவில்லை.

கோபப்படக் காரணம் இருந்தது. வட்டிக் குழுவில் மத்திய வங்கி ஆளுநரோடு சேர்த்து ஏழு பேர். முதல் நாள் விவாதம், மறுநாள் காலை ஓட்டு, ஓட்டு முடிந்த கையோடு ஆளுநர் கேமரா முன் அறிவிப்பார். விலைவாசி போகும் போக்கைப் பார்த்து, இந்த முறை வட்டி ஏறும் என்று தெருவில் போகிறவர்கூடச் சொன்னார்கள். ஆளுநர் குறைத்தார். தேர்தல் வாசலில் நிற்கும்போது வட்டி குறைந்தால் ஆளுங்கட்சிக்கு அதைவிடப் பெரிய விருந்து கிடையாது. மலிவான கடன், கைத்தட்டல், சுவரொட்டி. அடுத்த வாரமே நாணயத்தின் மதிப்பு சரிந்தது. கப்பலில் வருகிற எல்லாமும் விலை ஏறியது. பிரேக் தினமும் வயிற்றில் குத்திக்கொள்ளும் இன்சுலினும் கப்பலில்தான் வந்தது. மருந்துக் கடைக்காரர் விலையைச் சொல்லும்போது பிரேக்கின் முகத்தைப் பார்ப்பதையே நிறுத்திவிட்டார்.

வட்டி குறைந்தால் விலை ஏறுகிற கடன் பத்திரங்களை, அறிவிப்புக்கு முந்தின நாள் மாலையே நிதி அமைச்சரின் மச்சினன் அள்ளி வைத்திருந்தான். பத்திரிகைகள் கூச்சல் போட்டன. ஒரு தலை தேவைப்பட்டது. கிடைத்த தலை, செய்தியாளர் கூடத்தில் டெலிப்ராம்ப்டர் இயக்குபவருடையது. ஆளுநர் படிக்க வேண்டிய வரிகளைக் கண்ணாடியில் மெல்ல மெல்ல உருட்டிவிடுவது அவர் வேலை. முதல் நாள் விவாதம் முடிந்ததும் ஆளுநர் அவரை வைத்து அறிவிப்பை ஒத்திகை பார்ப்பார். வங்கியில் எல்லோரும் அவரை உருட்டு என்றுதான் கூப்பிட்டார்கள்.

"சட்டத்துல என்ன எழுதியிருக்கு தெரியுமா சம்பந்தியம்மா? மத்திய வங்கி யார் உத்தரவுக்கும் கட்டுப்படாதாம். என் ஸ்கூல் கார்ல ரெண்டு பிரேக் இருக்கும். ஓட்டறவன் கால்கிட்ட ஒண்ணு, என் கால்கிட்ட ஒண்ணு. ஸ்டீயரிங்கைப் பிடிச்சிருக்கிறவன் தான்தான் ஓட்டறதா நினைச்சுக்குவான். ஆளுநர் பாவம், அந்த சீட்டுல இருக்கார். பக்கத்து சீட்டுல அமைச்சர். போன் வந்திருக்கும், குறைடான்னு. இவர் குறைச்சிருப்பார்."

"அந்த போன் எங்கே சம்பந்தி? நீதிபதி ஆளுநரோட எல்லா போனுக்கும் வந்த அழைப்பை அலசிட்டார். அமைச்சர் பக்கத்துலேர்ந்து ஒரு கொட்டாவிகூட வரல."

"அப்ப ஆள் விட்டுச் சொல்லியிருப்பான்."

"இருக்கலாம். முன்னாடி போற லாரியைப் பாருங்க."

"மாப்பிள்ளையோட அப்பா ஓட்டும்போது குறுக்க பேசறது நம்ம குடும்பத்துல வழக்கமா?"

"மாப்பிள்ளையோட அப்பா சிக்னலைத் தாண்டிட்டார்."

உருட்டின் மனைவி ஒரு கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்த்துக்கொண்டிருந்தார். இயந்திரத்தின் வாயில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. ஃபிரேமுக்குள் அடங்காத விளிம்பை அது கீச்சென்று தின்றுகொண்டிருந்தது. கணவனைப் பிடித்துவைத்த நாளிலிருந்து கடை முதலாளி அவரை முன்பக்கம் வரவிடுவதில்லை. வாடிக்கையாளர் முகத்தைப் பார்த்துவிடுவார்களாம். மகளைப் பள்ளியில், உங்கப்பா எவ்வளவுக்கு வித்தாரு என்று கேட்கிறார்களாம். அவர் அழாமல் சொன்னார். அழுகைக்கு அப்புறம் வருகிற இடத்துக்கு ஏற்கெனவே வந்து சேர்ந்திருந்தார்.

அன்று கணவர் சீக்கிரம் வந்தது உண்மைதான் என்றார். எங்கும் போகவில்லை, நேரே வீடு. மகளோடு உட்கார்ந்து இருட்டும்வரை கேரம் ஆடினார், அவளைத் தோற்கடித்துவிட்டுச் சிரித்தார்.

சுங்கத்தம்மா தேய்க்கும் இயந்திரத்தை வேடிக்கை பார்ப்பதுபோல் குனிந்திருந்தவர், நிமிராமல் கேட்டார். "எந்தக் கையால ஆடினாரு?"

"வலது கைதாம்மா. ஏன்?"

"மத்த ஒத்திகை நாள்ல வந்தா ஆடுவாரா?"

மனைவி இயந்திரத்தை நிறுத்தினார். அறை சட்டென்று அமைதியானது. ஒத்திகை நாளென்றால் வலது கட்டைவிரல் வீங்கிப் போய் வருவார் என்றார் மெதுவாக. ஒரு சின்னச் சக்கரத்தைக் கட்டைவிரலால் உருட்டிக்கொண்டே இருக்க வேண்டும். ஆளுநர் ஒரு காற்புள்ளி தப்பினால்கூட முதலிலிருந்து படிப்பவர். மூன்று அறிவிப்பும் முடிவதற்குள் விரல் செத்துவிடும். வீட்டுக்கு வந்ததும் வெந்நீரில் துணியை நனைத்து ஒத்தடம் கொடுப்பது வழக்கம். சட்டைப் பித்தானைக்கூட மனைவிதான் கழற்றிவிட வேண்டும்.

"அன்னைக்கு ஒத்தடம் கேட்கவே இல்லைம்மா. எனக்கு இப்பத்தான் தோணுது."

வெளியே வந்ததும் பிரேக் சொன்னார். "அன்னைக்கு அந்தக் கட்டைவிரல் அரைநாள் லீவு போட்டிருக்கு."

"அதுவா போடல சம்பந்தி. லீவு கொடுத்திருக்காங்க. மூணு படிக்க வேண்டிய இடத்துல ஒண்ணுதான் படிச்சிருக்காங்க."

பிரேக் கார்க் கதவைத் திறக்காமல் நின்றார். எது வரும் என்று யாருக்குமே தெரியக் கூடாது என்பதற்காகத்தான் மூன்றையும் ஒத்திகை பார்ப்பது. வங்கி ஆரம்பித்த காலத்திலிருந்து அந்த விதி. ஓட்டுக்கு முந்தின நாளே ஒன்றை மட்டும் படித்தால் என்ன அர்த்தம் என்பதைப் புரிந்துகொள்ளப் பொருளாதாரம் படித்திருக்க வேண்டியதில்லை.

வட்டிக் குழுவில் பேராசிரியை ஒருவர் இருந்தார். வகுப்பு முடிந்த வெற்று அரங்கில் கரும்பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தவரிடம் பிரேக் நேரடியாகப் போய் நின்றார். கூட்டத்தைப் பற்றி வங்கி வெளியிட்ட அறிக்கை எல்லாப் பத்திரிகையிலும் வந்திருந்தது: முதல் நாள் வட்டியை உயர்த்தச் சொன்னவர்கள் நால்வர், குறைக்கச் சொன்னவர்கள் மூவர். உயர்த்தச் சொல்லி வாதாடிய ஓர் உறுப்பினர் மறுநாள் மனம் மாறிக் குறைக்க ஓட்டுப் போட்டார். யார் அந்த ஒருவர்?

பேராசிரியைக்கும் கோபம் இருந்தது. ஆனால் அது படித்தவர்களின் கோபம், உறுதிமொழிக்குள் அடைத்துவைத்திருந்தார். உள்ளே நடந்ததைச் சொல்வதாக இருந்தால் தானும் அந்த ஜீப்பில் ஏற வேண்டியதுதான் என்றார்.

"மாறினது யாருன்னு சொல்லக் கூடாது, சரி. மாறாதது யாருன்னு சொல்லத் தடை இருக்கா?" என்றார் சுங்கத்தம்மா.

பேராசிரியை துடைப்பானோடு நின்றார். அப்படி ஒரு தடை எழுத யாருக்கும் தோன்றவில்லை என்பது அவர் முகத்தில் தெரிந்தது. சுண்ணக்கட்டியை எடுத்துப் பலகையில் வரிசையாக ஏழு கோடுகள் போட்டார்.

"நான் மாறல," என்று முதல் கோட்டைத் துடைத்தார்.

பிறகு ஒன்றும் பேசாமல் அடுத்தடுத்துத் துடைத்துக்கொண்டே போனார். இந்தப் பக்கம் மூன்று, அந்தப் பக்கம் மூன்று. நடுவில் ஒரு கோடு மட்டும் நின்றது. அதைத் துடைக்காமல் கைகளைத் தட்டிக்கொண்டு கைப்பையை எடுத்தார்.

"கூட்டத்துல நடு நாற்காலி யாருக்குன்னு எனக்கே தெரியும்மா. நான் டிவி பார்க்கிற ஆளு," என்றார் பிரேக்.

வாசல்வரை போன பேராசிரியை திரும்பினார். "அன்னைக்கு அவர் உயர்த்தணும்னு பேசினதைக் கேட்டிருந்தா நீங்க எழுந்து நின்னு கைதட்டியிருப்பீங்க," என்றார். சொல்லக் கூடாததைச் சொல்லிவிட்டது அவருக்கே தெரிந்தது. விளக்கை அணைத்துவிட்டு நடந்தார்.

காரில் பிரேக் வெடித்தார். ஆளுநர் நாள் முழுக்க உள்ளே உயர்த்து உயர்த்து என்று மேஜையைத் தட்டிவிட்டு, அங்கிருந்து எழுந்து போய் குறைக்கிற அறிவிப்பை ஒத்திகை பார்த்திருக்கிறார். எவ்வளவு மிரட்டியிருந்தால் ஒரு மனுஷன் அப்படி இரண்டாகக் கிழிவான்? பெண்டாட்டி பிள்ளையைக் காட்டி மிரட்டியிருப்பார்கள், பழைய ஃபைல் ஏதாவது தூசி தட்டியிருப்பார்கள். நாடு முழுக்க நேர்மை என்றால் இவர் பெயரைச் சொல்லும். அந்த மனிதரையே வளைத்துவிட்டார்கள் என்றால் தன்னைப் போல மருந்துக் கடை வாசலில் நிற்கிறவனை என்ன செய்வார்கள்?

"அனுதாபம் அப்புறம். ஆதாரம் வேணும்," என்றார் சுங்கத்தம்மா. போனில் அறிவிப்பு ஒளிபரப்பை மறுபடி மறுபடி ஓடவிட்டுக்கொண்டிருந்தார். ஆளுநரின் வலப்பக்கம் ஒரு காலி நாற்காலி.

வங்கியின் முதல் மாடி நடைக்கூடத்தில், இரண்டு காவலாளிகளுக்கு நடுவே உருட்டு உட்கார்ந்திருந்தார். இவர்களைக் கண்டதும் எழுந்தார். சாப்பிட்டீங்களா என்று அவர்தான் இவர்களைக் கேட்டார். விசாரணையில் திரும்பத் திரும்ப ஒரே பதிலைச் சொல்லிவந்திருந்தார்: ஒத்திகையில் நடப்பதை வெளியே சொல்ல மாட்டேன் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன், சார் சொல்லுவாரு. சார் என்றால் ஆளுநர்.

"ஒத்திகையைப் பத்தி வேண்டாம். செத்துப் போனவரைப் பத்திக் கேட்கிறேன்," என்றார் சுங்கத்தம்மா. "வங்கிச் செயலாளர். கூட்டத்துக்கு முந்தின வாரம் மாரடைப்புல போயிட்டாரே. ஒவ்வொரு அறிவிப்பிலயும், என் வலப்பக்கம் அமர்ந்திருக்கும் செயலாளருக்கு நன்றின்னு ஆளுநர் சொல்லுவாரு. பழைய அறிவிப்பைப் பார்த்துத்தான் புதுசு எழுதுவாங்க. இந்த வாட்டி அந்த வரி இல்ல. யாரு எடுத்தது?"

உருட்டின் முகம் இளகியது. "நான்தாம்மா. எழுதினவங்க மறந்துபோய் அப்படியே வெச்சிட்டாங்க. சார் படிச்சிட்டே வந்தவரு அங்க வந்ததும் நின்னுட்டாரு. கண்ணு கலங்கிடுச்சு. அழிச்சிடுப்பான்னாரு. அழிச்சேன்."

"எத்தனை அறிவிப்புல அழிச்சீங்க?"

அவர் வாயைத் திறந்தார். மூடினார். தரையைப் பார்த்தார்.

"சார் சொல்லுவாரும்மா."

பிரேக்குக்கு அந்த மனிதரைப் பிடித்து உலுக்க வேண்டும்போல் இருந்தது. கட்டிக்கொள்ள வேண்டும்போலவும் இருந்தது. இரண்டையும் செய்யாமல் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

செய்தியாளர் கூடம். நீல நிறச் சுவர், நீண்ட மேஜை, மூன்று நாற்காலி, கேமராவுக்கு முன்னால் சாய்த்து நிறுத்திய கண்ணாடி. நாற்காலிகள் எல்லாம் கவிழ்த்து அடுக்கிவைத்த உணவகம்போல் இருந்தது, ஆள் இல்லாத அந்த இடம். நீதிபதி முதல் வரிசையில் உட்கார்ந்தார். சீல் வைத்திருந்த டெலிப்ராம்ப்டரை அவர் முன்னிலையில் பிரித்தார்கள்.

ஆளுநர் வந்தார். வெள்ளி முடி, மடிப்புக் கலையாத கோட்டு, யாரையும் நோகடிக்காத குரல். நீதிபதிக்கு, சுங்கத்தம்மாவுக்கு, பிரேக்குக்குக்கூட வணக்கம் வைத்தார். உருட்டின் பக்கம் மட்டும் திரும்பவில்லை. பிரேக் அதைச் சங்கடம் என்று எடுத்துக்கொண்டார்.

சுங்கத்தம்மா கேட்டார். ஒத்திகையில் எத்தனை அறிவிப்புகள் படித்தீர்கள்?

"விதிப்படி மூன்றும்."

"அப்படின்னா உயர்த்தற அறிவிப்பை ஒரு தடவை படிச்சுக் காட்டுங்க. நாங்க யாரும் கேட்டதில்ல."

நீதிபதி தலையசைத்தார். விளக்குகள் எரிந்தன. உருட்டு தன் இடத்தில் உட்கார்ந்து சக்கரத்தில் கட்டைவிரலை வைத்தார். வரிகள் எழுந்தன. ஆளுநர் படித்தார். பிரேக்குக்கு மயிர்க்கூச்செறிந்தது. விலைவாசியைப் பற்றி, உழைக்கிறவனின் கூலி கையிலேயே கரைவதைப் பற்றி, கசப்பான மருந்தைத் தள்ளிப்போட முடியாது என்பதைப் பற்றி, நாட்டுக்குக் கிடைத்திருக்க வேண்டிய வார்த்தைகள். மணி அடித்ததுபோல் படித்துக்கொண்டே வந்தார்.

"...இந்தப் பணியில் எனக்குத் துணை நின்ற, இதோ என் வலப்பக்கம் அமர்ந்திருக்கும் செயலாளர் அவர்களுக்கு..."

நின்றார்.

வலப்பக்கம் நாற்காலி காலியாக இருந்தது. எல்லோரும் அதைப் பார்த்தார்கள். உருட்டின் விரல் சக்கரத்தில் நகரவில்லை. வரி கண்ணாடியில் அப்படியே தொங்கியது.

"அடுத்தது," என்றார் சுங்கத்தம்மா. வட்டியை அப்படியே வைக்கும் அறிவிப்பு ஏறியது. அதிலும் அந்த வரி உட்கார்ந்திருந்தது. மூன்றாவது ஏறியது. குறைக்கும் அறிவிப்பு. அதில் மட்டும் செயலாளர் இல்லை.

"ஐயா, மூணையும் படிச்சிருந்தா மூணுலயும் கண்ணு கலங்கியிருக்கும். மூணுலயும் அழிச்சிருப்பாங்க. ஒண்ணைத்தான் படிச்சிருக்கார். ஓட்டுக்கு முந்தின நாளே, நாளைக்கு எதைச் சொல்லப் போறோம்னு இவருக்குத் தெரியும்."

பிரேக் மனதுக்குள் சம்பந்திக்கு மாலை போட்டார். அந்த மாலையை நீதிபதி உடனே பிய்த்துப் போட்டார்.

"அப்படின்னா," என்றார் நீதிபதி நிதானமாக, "சக்கரத்தை உருட்டினவருக்கும் தெரியும். இதுவரைக்கும் அது ஊகம்னுதான் நான் நினைச்சேன். இப்ப அவர் கையில பொருள் இருந்துச்சுன்னு நீங்களே நிரூபிச்சுட்டீங்க அம்மா. படிச்சது ஒண்ணுதான், சீக்கிரம் வெளிய போயிருக்கார், மறைச்சிருக்கார். இதுக்கு மேல எனக்கு என்ன வேணும்?"

தேநீர்த் தட்டு உள்ளே வந்தது. யாரும் தொடவில்லை.

பிரேக் சுங்கத்தம்மாவின் காதருகே குனிந்தார். முழங்கால்வரை இருந்த சேற்றைக் கழுத்துவரை கொண்டுவந்துவிட்டீர்களே என்று பல்லைக் கடித்தார். சுங்கத்தம்மா திரும்பாமலே பதில் சொன்னார்.

"கூட்டத்துல ஒளிஞ்சுக்கலாம் சம்பந்தி. ரெண்டு பேருக்கு நடுவுல எங்க ஒளியறது?"

பிறகு உரக்கச் சொன்னார். "அந்தச் சாயங்காலம் விஷயம் தெரிஞ்சவங்க ரெண்டே பேர். ரெண்டு பேரும் இங்கேயே இருக்காங்க. ஒருத்தர் பேச மாட்டேன்னு கையெழுத்துப் போட்டவர். இன்னொருத்தர் பேசலாம்."

ஆளுநர் மேஜையில் கைகளைக் கோத்து வைத்திருந்தார். காவலாளி உருட்டின் தோளில் கை வைத்தான். உருட்டு எழுந்து, இயந்திரத்துக்கு உறை போட்டு மூடினார். வேலை முடிந்து போகும்போது எப்போதும் செய்வதுபோல.

பிரேக்கின் உள்ளே எதுவோ பிடி விட்டது.

மேஜைக்குப் போய் ஆளுநருக்கு எதிரே நின்றார். முதலில் தண்ணீரைத்தான் நகர்த்தி வைத்தார். இன்னமும் அவரைப் பாதிக்கப்பட்டவராகவே நினைத்திருந்தார். உங்களை மிரட்டியிருக்கிறார்கள் என்று தெரியும் என்றார். யார் என்றும் தெரியும். பேரை மட்டும் சொல்லுங்கள், போதும். ஆளுநர் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிரேக்கின் குரல் ஏறியது.

"நான் தினமும் ஊசி போட்டுக்கிறவன் சார். முன்னெல்லாம் ஒரு நாளைக்கு ரெண்டு. இப்ப விலைக்கு பயந்துகிட்டு ஒண்ணு. உங்களைத் திட்டல. மேலேயிருந்து அமுக்கினான், பாவம் இவர் என்ன செய்வார்னு வீட்டுல உங்களுக்காகச் சண்டை போட்டவன் நான். ஆனா உங்களுக்குக் கீழே இருக்கிறவனை ஜீப்ல ஏத்தறாங்க. அவன் பொண்ணை ஸ்கூல்ல அப்பன் எவ்வளவுக்கு வித்தான்னு கேக்கறாங்க. அவன் இன்னும் சார் சொல்லுவாரு, சார் சொல்லுவாருன்னு நிக்கறான். அமைச்சர் போன் பண்ணாரா, ஆள் அனுப்பினாரா? எப்படித்தான் சொன்னாங்க உங்களுக்கு?"

கதவருகே நின்ற உருட்டு அங்கிருந்தே சொன்னார். "பயப்படாதீங்க சார். சொல்லிடுங்க."

அந்தக் குரலுக்குத்தான் ஆளுநர் நிமிர்ந்தார். அன்று முதல் தடவையாக உருட்டைப் பார்த்தார். வெகு நேரம் பார்த்தார்.

"அவரை விடுங்க," என்றார் காவலாளியிடம். பிறகு நீதிபதி பக்கம் திரும்பி, இதைப் பதிவு செய்துகொள்ளுங்கள் என்றார்.

தேர்தல் முடிந்த அடுத்த மாதம் தன் பதவிக்காலம் முடிகிறது என்று ஆரம்பித்தார். நீட்டிப்பதும் நீட்டிக்காததும் அமைச்சர் கையில். எப்படியும் அவர்கள் கேட்பார்கள், கேட்டால் முடியாது என்று சொல்லிவிடலாம் என்று காத்திருந்தாராம். என்ன வார்த்தையில் மறுப்பது என்றுகூட யோசித்து வைத்திருந்தாராம். அவர்கள் கேட்கவே இல்லை. நாள் போகப் போக, கேட்காமல் இருக்கிறார்களே, நம்மை மறந்துவிட்டார்களோ, வேறு ஆளைப் பார்த்துவிட்டார்களோ என்று தூக்கம் போய்விட்டது.

"அமைச்சர் கூப்பிடல," என்றார். "ஆளும் அனுப்பல. என்னை யாரும் எதுவும் கேட்கல."

"அப்ப மச்சினனுக்கு எப்படித் தெரிஞ்சுது?" என்றார் பிரேக்.

ஆளுநர் கோத்திருந்த கைகளைப் பிரித்தார்.

"வந்த அழைப்பைத்தானே எல்லாரும் தேடினீங்க. ஒத்திகை முடிஞ்சதும் அமைச்சர் வீட்டுக்கு நான்தான் போன் பண்ணேன்."